பொருத்தம் வரும்வரை

“எம்பையன் எந்தப் பெட்டியிலீங்க இருக்கான்?”

குளிரொளி அறையின் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றபடி சாந்தாமணியக்கா தினமும் கேட்கும் முதல் கேள்வி இது. பதில் அவருக்கும் தெரியும். நான்காம் பெட்டி. வந்த நாளிலிருந்து அது அங்கேதான் இருக்கிறது, அதை நகர்த்தவும் முடியாது என்று விளக்கி விளக்கி எனக்கு அலுத்துவிட்டது. இருந்தாலும் அவர் கேட்பார், நானும் விரலை நீட்டிக் காட்டுவேன். பிறகுதான் அவர் நாற்காலியில் உட்காருவார்.

என் பெயர் எஸ்தர். கோயம்புத்தூரில் ஒரு பெரிய மருத்துவமனையின் தரைத்தளத்தில் பன்னிரண்டு பெட்டிகளுக்கு நான் பொறுப்பு. ஒவ்வொன்றிலும் யாரோ ஒருவருடைய இதயம், பூஜ்யத்துக்கும் கீழே குளிர்ந்து, ஆனால் உறையாமல் இருக்கிறது. இயற்பியல் படித்தவளுக்கு ஆஸ்பத்திரியில் என்ன வேலை என்று சொந்தக்காரர்கள் கேட்டால், கோழி அடைகாப்பதற்கு நேர் எதிரான வேலை என்பேன். சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வராது. அடைகாக்கிற கோழிக்காவது என்றைக்குக் குஞ்சு பொரிக்கும் என்று தெரியும்.

சாந்தாமணியக்கா பீளமேட்டில் பம்ப்செட் உதிரிபாகம் செய்கிற பட்டறை வைத்திருப்பவர். கணவர் போன பிறகு அவரும் மகன் தரணியும்தான் அதை நடத்தினார்கள். புரட்டாசி பிறந்த வாரத்தில் அவினாசி சாலையில் ஒரு லாரி தரணியைத் தட்டிவிட்டது. மூளை செயலிழந்துவிட்டது, இனி மீளாது என்று சொன்னபோது, யாரும் வாய் திறக்கும் முன்பே அவராகவே மகனின் இதயத்தைக் கொடுத்தார். அன்று அவர் கேட்டது ஒன்றுதான்: “இன்னைக்கே யாருக்காச்சும் வெச்சிருவீங்களா?” யாரோ தலையாட்டிவிட்டார்கள். பழைய காலமாக இருந்தால் அது உண்மையாகவும் இருந்திருக்கும்.

நவராத்திரி முடியும் தறுவாய்க்கு வந்துவிட்டது. தரணியின் இதயம் இன்னும் நான்காம் பெட்டியில்தான் இருந்தது.

முதல் வாரத்தில் ஒருநாள் அவர் என்னை மடக்கினார்.

“ஏனுங் அம்மிணி, லேசர் வெச்சுத்தானே குளுரப் பண்றதாச் சொல்றீங்க? எங்க பட்டறையில லேசர்ல இரும்புத் தகட்டையே வெட்றோமுங்க. வெளிச்சம் பட்டாச் சூடுதானுங்களே ஆகோணும்?”

“எல்லா வெளிச்சமும் அப்படி இல்லீங்கக்கா. பெட்டியச் சுத்தி பளிங்கு மாதிரி ஒரு கல்லு வெச்சிருக்குது. அதுக்குள்ள நாங்க அனுப்பற வெளிச்சம் சக்தி கொஞ்சம் கம்மியா உள்ள போகும். வெளிய வர்றப்ப கொஞ்சம் கூடுதலாகி வரும். அந்தக் கூடுதலை எங்கிருந்து எடுக்கும்? கல்லோட சூட்டுல இருந்துதான்.”

அவர் நம்பாத கண்ணோடு பார்த்தார். எனக்கும் விட மனமில்லை.

“விருந்தாளிங்க வெறுங்கையோட வந்துட்டு, போறப்ப ஒரு பை நெறைய முறுக்கு எடுத்துட்டுப் போறாங்கல்ல, அந்த மாதிரின்னு வெச்சுக்கங்க. கோடிக்கணக்கான விருந்தாளிங்க. வீட்டுல முறுக்கே மிச்சம் இருக்காது.”

மகன் போனபின் அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். “எங்க நாத்தனாராட்டம்னு சொல்லுங்” என்றார்.

“ஐஸ் வெச்சாலே ஆகாதுங்களா?”

“ஐஸ்ல நாலு மணி நேரம்தான் தாங்கும். பிரிட்ஜ் வெச்சா மோட்டார் அதிரும். தண்ணி இருக்குதுங்களே, அசைக்காம விட்டா பூஜ்யத்துக்குக் கீழயும் உறையாம நிக்கும். லேசா ஒரு தட்டு தட்டினாப் போதும், அந்த நிமிசமே கல்லாயிரும். இதயம் உறைஞ்சா செத்துரும். வெளிச்சத்துக்குச் சத்தமும் இல்ல, அதிர்வும் இல்ல. அதனாலதான் இது.”

“கெட்டே போகாதா?”

“கெடாம ரொம்ப நாள் வெக்கலாம். பின்பக்கம் ஒரு கண்ணாடி ஜன்னல் இருக்குது பாருங்க, வெளிச்சம் அது வழியாத்தான் வெளிய போகும். அதுல ஒரு கைரேகை படிஞ்சாக்கூடப் போச்சு. விருந்தாளிங்க போக வழியில்லாம வாசல்லயே உக்காந்துக்குவாங்க. அப்புறம் குளிராது, சூடுதான் ஏறும்.”

அவர் நான்காம் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார். “ரொம்ப நாள் வெக்கலாமுங்கறீங்க. எதுக்குங்க வெக்கோணும்?”

இதயம் நாலு மணி நேரம்தான் தாங்கும் என்றிருந்த காலத்தில் கிட்டத்தில் யார் இருக்கிறார்களோ, ரத்த வகை சேர்ந்தால் சரி, அவருக்கு வைத்துவிடுவார்கள். குளிரொளி வந்த பிறகு அவசரம் போய்விட்டது. அவசரம் போனதும் விதி வந்தது. ரத்தம், திசு, அளவு எல்லாம் சேர்த்து நூற்றுக்கு எண்பத்தைந்து மதிப்பெண்ணாவது பொருந்தினால்தான் இதயத்தைக் கொடுக்க வேண்டும். அதுவரை காத்திருக்க வேண்டும். என் சித்தி மகளுக்கு இப்படித்தான் வரன் பார்த்தார்கள். வந்த ஜாதகத்தையெல்லாம், இதைவிட நல்லதாக வரும் என்று சித்தப்பா திருப்பி அனுப்பிக்கொண்டே இருந்தார். அவளுக்குத் தலை நரைத்த பிறகும் ஜாதகக் கட்டு பூஜை அலமாரியில் பத்திரமாக இருந்தது.

சாந்தாமணியக்காவின் பிரச்சினை இன்னொன்றாகவும் இருந்தது. உடம்பை எரித்துவிட்டார்கள். ஆனால் கருமாதி செய்ய முடியவில்லை. பங்காளிகள் கூடி உட்கார்ந்து பேசி, இதயம் இன்னும் கெடாமல் இருக்கும்போது காரியம் செய்வது எப்படி என்று கையை விரித்துவிட்டார்கள்.

“யாருக்காச்சும் வெச்சுட்டா, அவங்க உசுராயிருச்சுன்னு மனசு ஆறிக்கலாமுங்க. எரிச்சாலும் போயிருச்சுன்னு ஆறிக்கலாம். இப்படி ரெண்டுங்கெட்டானா வெச்சிருந்தா நான் என்ன பண்றதுங்க? வீட்டுல வெளக்கு ஏத்தலாமா வேண்டாமான்னுகூடத் தெரியல.”

தப்பு செய்கிறவர் யாராவது இருந்தால் திட்டிவிட்டுப் போகலாம். இங்கே யாரும் தப்பு செய்யவில்லை.

மூன்றாம் மாடியில் பூங்கொடி இருந்தாள். திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. நாற்பது வயது, இரண்டு பெண் குழந்தைகள், பெரிதாக வீங்கிப்போன இதயம். தரணியின் ரத்த வகைதான் அவளுக்கும். அவளைப் பார்த்து யாரும் உருகிவிட மாட்டார்கள். சாப்பாட்டில் உப்பு இல்லை, மின்விசிறி சத்தம் போடுகிறது, நர்ஸ் முறைக்கிறாள் என்று ஓயாமல் ஏதாவது ஒரு குறை. அவள் இதயத்துக்குத் துணையாக வைத்திருந்த கருவியின் வெப்பநிலைமானி என் பொறுப்பு என்பதால் வாரம் இருமுறை போவேன்.

“கீழ என்னோட ரத்த குரூப் இதயம் ஒண்ணு இருக்குதாமா?” என்றாள் ஒருநாள்.

“அதெல்லாம் நான் சொல்லக் கூடாதுங்க.”

“எல்லாருக்கும் தெரியும், நீங்க வேற. எழுபத்தொண்ணு மார்க்காம் எனக்கு. கம்பெனியில பதினெட்டு வருசமா நான் பண்ற வேலை அதானுங்க. ஒரு நூல் பிரிஞ்சிருந்தாத் தூக்கி செகண்ட்ஸ்ல போட்டுருவேன். இப்ப என்னையத் தூக்கி செகண்ட்ஸ்ல போட்டுட்டாங்க.” சொல்லிவிட்டு மூச்சு வாங்கினாள். உதடு நீலம் பாரித்திருந்தது. “செகண்ட்ஸும் போட்டுக்கற துணிதானுங்க மேடம்.”

அன்றே பெரிய டாக்டரிடம் போனேன். டாக்டர் அருணகிரி. இதய மாற்றுப் பிரிவுக்குத் தலைவர். எண்பத்தைந்து என்ற விதியை எழுதிய குழுவுக்கும் அவர்தான் தலைவராக இருந்தார். ஒல்லியான மனிதர், பேசும்போது கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருப்பார்.

“சார், நாலாம் பெட்டிய பூங்கொடிக்குக் கொடுத்துட்டா என்னங்க சார்?”

“எழுபத்தொண்ணுதானே எஸ்தர்.”

“அந்தக் காலத்துல அம்பது பொருந்தினாலே வெச்சோம்னு நீங்களே சொல்லியிருக்கீங்க.”

“அப்ப யோசிக்க நேரமே இல்ல. இப்ப இருக்குது. இன்னைக்கு இவங்களுக்குக் குடுத்துட்டு, நாளைக்குத் தொண்ணூறு பொருந்தற ஒருத்தர் வந்து நின்னா அவருக்கு என்ன பதில் சொல்றது?”

“அவர் வந்தா, அதுக்கு மறுநாள் தொண்ணூத்தஞ்சு வரும்னு அவரையும் உக்கார வெப்பீங்களா?”

கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவர் கோபப்படவில்லை. கண்ணாடியைத் துடைத்தார்.

“அந்த விதிய நான்தான் எழுதினேன். ஏன்னு தெரியுமா? நேரம் கையில கெடைச்சதும் சிபாரிசு வர ஆரம்பிச்சுது. எங்க ஜாதிக்காரப் பையன், எங்க கட்சிக்காரர் சம்சாரம்னு போன் மேல போன். ஆளப் பார்த்துக் குடுக்கக் கூடாது, எண்ணப் பார்த்துத்தான் குடுக்கணும்னு எழுதினேன். அத நானே ஒரு ஆளுக்காக மீறினா நாளைக்கு எல்லாரும் மீறுவாங்க.”

“அதுக்குள்ள அவங்க செத்துட்டா?”

“பெட்டி பழுதாச்சுன்னா பழைய முறைதான். கிட்ட இருக்கறவங்களுக்கு உடனே வைக்கலாம். அதுக்கு மட்டும்தான் விதியில இடம் இருக்குது.” கண்ணாடியை மாட்டிக்கொண்டு என்னை நேராகப் பார்த்தார். “உங்க பெட்டி எதுவும் பழுதாகறதில்லையே எஸ்தர்.”

“வாயக் கழுவுங்க சார்” என்றேன். அவர் சிரிக்கவில்லை.

அடுத்த நாட்களில் பூங்கொடியின் கால்கள் வீங்கின. பேச்சு குறைந்தது. உப்பில்லை என்று அவள் குறை சொல்லாமல் சாப்பாட்டைத் தள்ளிவைத்தபோதுதான் எனக்கு நிஜமாகவே பயம் வந்தது. சாந்தாமணியக்காவோ, ஸ்கேனுக்காக அவளைக் கீழே எங்கள் நடைபாதை வழியாகத் தள்ளிக்கொண்டு போகும்போதெல்லாம் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றார். யார் சொன்னார்களோ, கொடுத்தவருக்கும் வாங்குகிறவருக்கும் ஒருவரையொருவர் தெரியக் கூடாது என்ற விதி அந்த நடைபாதையில் என்றோ காற்றில் பறந்துவிட்டது. ஒருவர் நிற்பார், இன்னொருத்தி படுத்தபடி பார்ப்பாள். நடுவில் நான் கைகட்டி நிற்பேன். இரவில் வீட்டில் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்தால்கூட எனக்கு நான்காம் பெட்டிதான் நினைவுக்கு வந்தது.

ஆயுத பூஜை வந்தது.

கோயம்புத்தூர்க்காரர்களுக்குத் தீபாவளியைவிட இது பெரிது. லேத்து, ஸ்பானர், தராசு, ஸ்கூட்டர் என்று எதையும் விட மாட்டார்கள். ஆஸ்பத்திரியில் ஆம்புலன்ஸ்களுக்கு வாழைக்கன்று கட்டி, எக்ஸ்ரே இயந்திரத்துக்கு விபூதிப் பட்டை போட்டு, லிஃப்டுக்கு மாலை போட்டிருப்பார்கள். குளிரொளி அறையில் மட்டும் என் சட்டம். சந்தனமோ குங்குமமோ பெட்டிப் பக்கம் வரக் கூடாது. ஊழியர்கள் முதல் வருடம் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டார்கள். மிசினுக்குப் பொட்டு வைக்காமல் எப்படி என்று சண்டைக்கே வந்துவிட்டார்கள். கடைசியில் ஒரு சமாதானம் செய்தோம். அறை மூலையில் என்றோ உயிரை விட்ட பழைய பெட்டி ஒன்று கிடக்கிறது. பன்னிரண்டு பெட்டிகளுக்கும் உண்டான மரியாதை முழுவதும் அதற்கே. மாலை, விபூதி, எலுமிச்சம்பழம் எல்லாம் சுமந்துகொண்டு அது மாப்பிள்ளை மாதிரி நிற்கும். சர்ச்சுக்குப் போகிற எனக்கு இதில் பங்கு பொரி கடலை விநியோகம்.

காலையில் முதல் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு மூன்றாம் மாடிக்குப் போனேன். பூங்கொடி பொரியைப் பார்த்ததும் கையை நீட்டினாள். நர்ஸ் குறுக்கே வந்து வாங்கிக்கொண்டாள். “எதுவும் குடுக்கக் கூடாதுங்க மேடம்” என்றாள். பூங்கொடி முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். அவ்வளவு மோசமாகிவிட்டாளா என்று நெஞ்சு கனக்கக் கீழே வந்தேன்.

பூஜைக்கு அந்த வருடம் டாக்டர் அருணகிரியே வந்துவிட்டார். கடவுள் நம்பிக்கை பற்றிப் பேச்செடுத்தாலே வேறு பக்கம் பார்க்கிறவர். ஊழியர்களுக்கு ஒரே பூரிப்பு. எல்லாரையும் செருப்பைக் கழற்றி, கையுறை மாட்டச் சொல்லி, வரிசையாக உள்ளே விட்டேன். பழைய பெட்டிக்கு டாக்டர் கையாலேயே பொட்டு வைக்கச் சொன்னார்கள், அவரும் கூச்சத்துடன் வைத்தார். பொரியை அள்ளி அள்ளிப் போட்டதில் எனக்குக் கை ஓயவில்லை, யாரையும் கவனிக்க நேரமும் இல்லை.

சாந்தாமணியக்கா கதவுக்கு வெளியேயே நின்றார். உள்ளே கூப்பிட்டேன்.

“வேண்டாமுங்க. காரியம் முடியாம நான் பூசையில நிக்கக் கூடாது. தீட்டு. இந்த வருசம் பட்டறையிலயே ஒண்ணும் பண்ணலீங்க. அவந்தான் எல்லா மிசினுக்கும் பொட்டு வெப்பான்.” பொரியை நீட்டினேன். அதையும் வாங்கவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து எங்களையெல்லாம் பார்த்துக்கொண்டே நின்றார்.

மதியச் சாப்பாட்டுக்கு டிபன் பாக்ஸைத் திறந்தபோது பெட்டிகளின் எச்சரிக்கை மணி அடித்தது.

அந்த மணி அடித்து நான் அதற்கு முன் கேட்டதே இல்லை, சோதனையில் தவிர. எழுந்து போய்ப் பார்த்தேன். நான்காம் பெட்டி. பூஜ்யத்துக்கு நான்கு டிகிரி கீழே இருந்தது மூன்றாகி, மூன்றிலிருந்து மெல்ல ஏறிக்கொண்டிருந்தது. பெட்டியின் பின்பக்கம் போய்க் குனிந்தேன். ஒளி வெளியேறுகிற ஜன்னலின் நடுவில், கடுகைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு குங்குமப் பொட்டு.

துடைக்கக் கை போய்விட்டது. நல்லவேளை, பாதியில் நிறுத்தினேன். கொஞ்சம் சூடேறியதை மறுபடி குளிர்வித்தால் உறைந்துவிடும் ஆபத்து உண்டு. கை பட்டு அசைந்தாலே உறையும். ஒரே வழிதான். அது தானாக ஏறி, பூஜ்யத்தைத் தாண்டும்வரை தொடாமல் காத்திருந்து, தாண்டியதும் எடுத்துக்கொண்டு ஓட வேண்டும்.

டாக்டரைக் கூப்பிட்டேன். முதல் மணியிலேயே எடுத்தார்.

“நாலாம் பெட்டி சார். ஏறுது.”

“கிட்ட இருக்கறது யாரு?” என்றார். விதிப்படி அவர் அதைக் கேட்க வேண்டும்.

“பூங்கொடி சார்.”

“சரி. ஆபரேஷன் அறைக்குச் சொல்றேன். நீங்க அசையாம நில்லுங்க.”

நின்றேன். எண் அவ்வளவு மெதுவாக ஏறியது. இரண்டு. ஒன்றரை. கண்ணாடிக்கு வெளியே சாந்தாமணியக்கா எழுந்து, இரண்டு கைகளையும் வாயில் வைத்துக்கொண்டு நின்றார். அப்போதுதான் வெளியிலிருந்து கூச்சல் கேட்டது. அறைச் சுவரில் இருந்த ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அதை ஒட்டியிருக்கும் ஆம்புலன்ஸ் கொட்டகையில் டிரைவர்கள் திருஷ்டிப் பூசணிக்காயைத் தலைக்கு மேலே தூக்கிச் சுற்றிக்கொண்டிருந்தார்கள். பதினைந்து கிலோ இருக்கும். வழக்கமாகச் சாலை வாசலில்தான் உடைப்பார்கள்; இங்கே விழுந்தால் என் தரை அதிரும்.

நான் கத்தினேன். அவர்கள் போட்ட கூச்சலில் அது கேட்கவில்லை. பெட்டியை விட்டு நகரவும் முடியவில்லை, கதவைத் திறந்து ஓடினால் அதுவே அதிர்வு. கையை ஆட்டினேன். டிரைவர் ஒருவர் பூஜை வாழ்த்து என்று நினைத்துப் பதிலுக்குக் கையை ஆட்டினார். கண்ணில் நீர் முட்டிவிட்டது.

சாந்தாமணியக்கா என்னையும் ஜன்னலையும் மாறி மாறிப் பார்த்தார். நடைபாதையில் அவர் ஓடியது தெரிந்தது. அடுத்து நான் பார்த்தபோது கொட்டகையில் இருந்தார். பூசணிக்காயைப் பிடுங்கவில்லை. அதைத் தூக்கியிருந்தவரின் இடுப்பைச் சேர்த்துக் கட்டிக்கொண்டு, “போடாதீங் சாமி, போடாதீங்” என்று அலறிக்கொண்டிருந்தார். திருஷ்டி கழிக்கிற இடத்தில் இப்படி ஒரு அம்மா வந்து விழுந்தால் யார்தான் போடுவார்கள்? பூசணிக்காயைத் தாய் குழந்தையை இறக்குவது போல இறக்கி வைத்தார்கள்.

எண் பூஜ்யத்தைத் தாண்டியது. ஆபரேஷன் ஆட்கள் ஏற்கெனவே வாசலில் நின்றிருந்தார்கள்.

மாலையில் மேலிருந்து போன் வந்தது. டாக்டர் குரலில் சோர்வு. “துடிக்குது எஸ்தர். அந்தம்மாகிட்ட நீங்களே சொல்லிடுங்க.” சொன்னேன். சாந்தாமணியக்கா நான்காம் பெட்டியை ஒருமுறை பார்த்தார். “அப்ப நாளைக்கே காரியம் வெச்சுக்கலாமுங்களா?” என்று கேட்டார். இருவரும் உட்கார்ந்து அழுதோம்.

விசாரணை வராமல் இருக்குமா? சென்னையிலிருந்து மூன்று பேர் வந்தார்கள். பெட்டி பழுதானது எப்படி, பொட்டு வைத்தது யார், அறைக்குள் கேமரா ஏன் இல்லை. சிதறும் ஒளியில் கேமரா குருடாகிவிடும் என்று விளக்கினேன். அப்படியானால் பொறுப்பு முழுக்க உங்களுடையதுதானே என்றார்கள். உண்மைதான். வேலை போய்விடும் என்று வீட்டில் சொல்லி வைத்துவிட்டேன். தினமும் வந்து உட்கார்ந்திருந்தவர் என்பதால் சாந்தாமணியக்காவையும் கூப்பிட்டிருந்தார்கள்.

“நாந்தானுங்க வெச்சேன்” என்றார் அவர், உட்காருவதற்கு முன்பே. “பட்டறையில மிசினுக்கு வெக்கறாப்பல, எம்பையன் பெட்டிக்கும் வெச்சுட்டேன். இந்தம்மிணி பாக்கலீங்க.”

மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மகனின் இதயத்தைக் கொடுத்த தாயை அதட்ட யாருக்கு வாய் வரும்? தெரியாமல் நடந்த தவறு என்று முடித்துவிட்டார்கள். இனிமேல் அறையில் பூஜையே கூடாது என்றார்கள். எண்பத்தைந்து மாறவில்லை. டாக்டர் அருணகிரி மேசை ஓரத்தில் உட்கார்ந்து கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

வெளியே வந்ததும் அக்காவின் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

“ஏனுங்கக்கா பொய் சொன்னீங்க? நீங்க வாசப்படியே தாண்டல. தீட்டுன்னு பொரிகூட வாங்கல.”

“வெக்கோணும்னு நெனச்சனுங்க. நீங்க ஜன்னலப் பத்திச் சொன்ன அன்னைக்கே நெனச்சேன். தெனமும் நெனச்சுட்டுத்தான் உக்காந்திருந்தேன். கை வரல. நம்ம கையால அவன் கெட்டுப்போயிட்டா என்ன பண்றதுன்னு பயம்.” முந்தானையால் முகத்தைத் துடைத்தார். “வெச்சவங்களப் பாத்தனுங்க, கண்ணாடிக்கு வெளிய நின்னு. கும்புட்டுக்கிட்டேன்.”

“யாருங்க?”

“அதக் கேக்காதீங்க அம்மிணி. தெரிஞ்சா நீங்களும் பொய் சொல்லோணும்.”

அடுத்த வாரம் பூங்கொடியைப் பார்க்கப் போனேன். எழுந்து உட்கார்ந்திருந்தாள். உதட்டில் நீலம் இல்லை. பொரிப் பொட்டலத்தை நீட்டியதும் பறித்துக்கொண்டாள், பழைய குறைகளும் திரும்பி வந்திருந்தன. கேட்க அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

“அன்னைக்கு ஒரு வாய் பொரி திங்க விடலீங்க மேடம் இவுங்க. பண்டிகை நாளும் அதுவுமா.”

“ஆபரேஷனுக்கு முன்னாடி எதுவும் சாப்பிடக் கூடாதுங்க.”

“ஆபரேசன் மத்தியானமுல்ல? மத்தியானந்தானே உங்க பெட்டி கெட்டுப்போச்சு? எனக்கு விடியறப்பவே நிறுத்திட்டாங்க. பச்சத்தண்ணிகூட இல்ல. பெரிய டாக்டரே வந்து சொல்லிட்டுப் போனாரு, இன்னைக்கு ஒண்ணும் வாயில வெக்காதீங்கன்னு.” கடலையைத் தேடிப் பொறுக்கினாள். “என்ன மேடம், இப்படி நிக்கறீங்க?”

நான் எப்படி நின்றேன் என்று தெரியவில்லை. ஏதோ சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

நடைபாதையில் டாக்டர் அருணகிரி எதிரே வந்தார். அன்று பழைய பெட்டிக்குக் கூச்சத்துடன் பொட்டு வைத்த கை, இப்போது கண்ணாடியைக் கழற்றிக்கொண்டிருந்தது. நான் அவரைப் பார்த்தேன். அவரும் பார்த்தார். எனக்குத் தெரிந்துவிட்டது என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது.

கடந்து போனவர் நின்று திரும்பினார்.

“ஏழாம் பெட்டி எப்படி இருக்குது எஸ்தர்?”

ஏழாம் பெட்டியில் இருப்பது ஒரு சிறுமியின் இதயம். அதற்காக ஈரோட்டுப் பையன் ஒருவன் இரண்டாம் மாடியில் படுத்திருக்கிறான். பொருத்தம் எழுபத்தெட்டு.

“ஒரு குறையும் இல்லீங்க சார்” என்றேன். “நல்லாக் குளிர்ந்து, அப்படியே இருக்குது.”

நல்ல செய்தியைக் கேட்டு ஒரு மனிதர் முகம் அப்படி வாடி நான் பார்த்ததில்லை.